நெஞ்சுக்கு மார்க் போட்டவர்கள்

என் இதயம் முப்பத்து மூன்று சதவீதம்தான் வேலை செய்கிறது என்று சொன்ன டாக்டர், அதை என்னிடம் சொல்லவில்லை. கட்டிலுக்கு இந்தப் பக்கம் அவர் நின்றார், அந்தப் பக்கம் என் மைத்துனன் பாண்டி நின்றான். சொன்னது பாண்டியிடம். நடுவில் படுத்துக் கிடந்த எனக்கும் அது காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

மருத்துவமனைக்குப் போய்த் திரும்பியவர்கள் எழுதியதை வாரப் பத்திரிகைகளில் படித்திருக்கிறேன். கடவுளுக்கும் டாக்டருக்கும் நர்ஸுக்கும் நன்றி சொல்லி முடிப்பார்கள். எனக்கும் நன்றி உண்டு. பிழைத்து வந்திருக்கிறேனே. ஆனால் அதைவிடக் கோபம் அதிகமாக இருக்கிறது. அது ஆறிப்போவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்க வராதவர்கள் என்னைப் போல நிறையப் பேர் அந்த வராந்தா பெஞ்சுகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் படித்தாலும் போதும்.

நான் வெல்டர். காரைக்குடியில் செக்காலை ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் தெரு ஒன்றில் பட்டறை. கேட், ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் செய்வேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. அதற்கப்புறம் இரும்புதான்.

நாட்டரசன்கோட்டையில் ஒரு பெரிய வீட்டை ஓட்டலாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். அதன் பின்வாசலுக்கு இரட்டைக் கதவுக் கேட் மாட்டப் போயிருந்தேன். கேட்டைத் தூக்கி நிறுத்தியபோது இடது தோள்பட்டையில் ஒரு பிடிப்பு. பாரம் தூக்கியதால் வந்தது என்று நினைத்தேன். பிறகு அது தாடைக்கு ஏறியது. வாயுவாக இருக்கும் என்று ஒரு பன்னீர் சோடா வாங்கிக் குடித்தேன். சோடா பாட்டிலைக் கீழே வைப்பதற்குள் சட்டை மழையில் நனைந்தது போல ஒட்டிக்கொண்டது. பாண்டிக்குப் போன் செய்தேன். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: பாண்டி கெட்டவன் இல்லை. அன்றைக்கு அவன் பறந்து வந்த வேகத்தில்தான் நான் இன்றைக்கு இருக்கிறேன். காரைக்குடியில் ஒரு ஊசி போட்டு, ஆம்புலன்ஸில் மதுரைக்கு ஏற்றினார்கள். அடைபட்ட ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். ஸ்டென்ட் என்பது குழாயை விரித்துப் பிடிக்கும் சின்னக் கம்பிவலைச் சுருள். அதுவரை நடந்ததில் எனக்கு யார் மீதும் குறை இல்லை.

அதற்குப் பிறகுதான் எக்கோ எடுத்தார்கள். நெஞ்சில் குளிர்ந்த களிம்பைத் தடவி, சோப்புக்கட்டி அளவில் ஒரு கருவியை அழுத்தி அங்கும் இங்கும் நகர்த்துவார்கள். அதிலிருந்து நம் காதுக்குக் கேட்காத ஒலி உள்ளே போய், இதயத்தில் பட்டுத் திரும்பி வந்து திரையில் படமாகத் தெரியும். இதயத்தின் இடது கீழறைதான் உடம்பு முழுவதற்கும் ரத்தத்தை அனுப்புகிறது. அந்த அறை நிறையும்போது எவ்வளவு ரத்தம் இருந்தது, ஒரு தடவை அமுங்கும்போது அதில் எவ்வளவு வெளியே போனது என்று பார்த்து ஒரு சதவீதம் போடுவார்கள். 'பம்பிங்' என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். எனக்கு முப்பத்து மூன்று.

பாண்டி அந்த எண்ணைப் போனில் ஊருக்கே சொன்னான். பார்க்க வந்தவர்கள் ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு எண்ணைப் பற்றித்தான் பேசினார்கள். என் மனைவி செல்விக்குச் சித்தப்பா முறையாகும் ஒருவர் கல்லலிலிருந்து வந்திருந்தார். கட்டிலில் உட்கார்ந்து என் காலைத் தட்டிக்கொடுத்தார்.

"முப்பத்தஞ்சு எடுத்தாத்தானப்பா பாஸு? ரெண்டு மார்க்குல போயிருச்சே!"

"அஞ்சாப்போட நின்னவரு சித்தப்பா," என்றான் பாண்டி. "அத்தான் இம்புட்டு எடுத்ததே பெருசு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. செல்வி மட்டும் சிரிக்கவில்லை. அவர்கள் போன பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி நின்று அழுதாள்.

"நூத்துக்கு முப்பத்து மூணுன்னா, பாக்கி அறுபத்தேழும் செத்துப்போச்சா?" என்று கேட்டாள்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியிருந்தது. மூன்றில் இரண்டு பங்கு செத்த இதயத்தை வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவது? கஞ்சியில் எனக்கு உப்புக் கிடையாது என்று சொல்லியிருந்தார்கள். செல்வியும் உப்பில்லாத அதே கஞ்சியைத்தான் குடித்தாள். "நாக்கு செத்தா செத்துட்டுப் போகுது" என்றாள். அந்தக் கஞ்சியை நாங்கள் சாவு வீட்டில் குடிப்பது போலப் பேசாமல் குடித்தோம்.

ஊசி போட வந்த நர்ஸ் ஒருவர் செல்வியின் முகத்தைப் பார்த்து என்னவென்று கேட்டார். செல்வி அந்தக் கணக்கைச் சொன்னதும் அவர் ஊசியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"யாரும்மா உங்களுக்கு நூறுன்னு சொன்னது? நூறு எனக்கும் வராது, டாக்டருக்கும் வராது. நல்லா ஓடியாடுறவங்களுக்கே அம்பத்தஞ்சு, அறுபது, ரொம்பப் போனா எழுபதுதான். ஒரு தடவ அமுக்கும்போது உள்ள இருக்கிற ரத்தம் முழுசும் வெளிய போகாது. கொஞ்சம் தங்கும். அதான் சரி."

அறுபது என்பதே முழு மார்க். அப்படியென்றால் எனக்குப் பாதிதான் குறைந்திருக்கிறது. பாதி குறைவது சின்ன விஷயம் இல்லை, தெரியும். ஆனால் அறுபத்தேழு சாகவில்லை. இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல அந்த டாக்டருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அவர் பேனா மூடியைக் கழற்றும் நேரம் போதும். சதவீதம் என்றால் எங்கள் ஊரில் நூற்றிலிருந்துதான் கழிப்பார்கள், பாஸ் மார்க் முப்பத்தைந்து என்றுதான் நினைப்பார்கள் என்பது தினமும் அதே எண்ணைச் சொல்கிறவருக்குத் தெரியாதா? எத்தனை குடும்பங்கள் இந்தத் தப்புக் கணக்கைப் போட்டு அழுதுகொண்டிருக்கின்றன?

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் பாண்டியிடம் இன்னொன்றும் சொன்னார். சில மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும். அடிபட்ட இதயம் அதற்குள் கொஞ்சம் தேறக்கூடும். தேறாமல் முப்பத்தைந்தோ அதற்குக் கீழோ இருந்தால், தோள் எலும்புக்குக் கீழே தோலுக்குள் ஒரு சின்னப் பெட்டி வைக்க வேண்டும். பெட்டியிலிருந்து ஒரு கம்பி இதயத்துக்குள் போகும். பலவீனமான இதயம் சில சமயம் தாறுமாறாகத் துடித்து நின்றுபோகும், அப்போது பெட்டி உள்ளேயே ஒரு ஷாக் கொடுத்து வழிக்குக் கொண்டுவரும்.

"அத்தானுக்கு வெல்டிங் வேலைங்க," என்றான் பாண்டி.

"பெட்டி வச்சா வெல்டிங்கை விட்டுடணும். அந்தக் கரண்ட் பெட்டியைக் குழப்பிடும். துடிப்பு நல்லா இருக்கும்போதே ஷாக் அடிச்சாலும் அடிக்கும்."

இப்படியாக, அந்தப் பாஸ் மார்க் எனக்கு உண்மையிலேயே பாஸ் மார்க் ஆகிவிட்டது. முப்பத்தைந்தைத் தாண்டினால் நான் வெல்டர். தாண்டாவிட்டால் நான் யார் என்று எனக்குத் தெரியவில்லை.

மாத்திரை சாப்பிட்டேன். தெருமுனை வரை நடந்தேன், பிறகு அதைத் தாண்டி நடந்தேன். மூச்சு முன்னைவிட நீண்டது. குறித்த காலம் ஆனதும் முதலில் காரைக்குடியிலேயே ஒரு இடத்தில் எக்கோ எடுத்தோம். அங்கே கூட்டம். எடுத்தவர் பக்கத்தில் நின்றவரிடம் பேசிக்கொண்டே எடுத்தார். எனக்கு நெஞ்சு அகலம், பல வருடம் புகை குடித்த நுரையீரல் வேறு. "படம் சரியா விழல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு முப்பத்து நான்கு என்று போட்டுக் கொடுத்தார்.

பாண்டி அன்றைக்கே பட்டறையை வேறொருவருக்குப் பேசி முடித்தான். ஜூஸ் கடை வைக்க இடம் தேடிக்கொண்டிருந்த ஒருவர். அட்வான்ஸும் வாங்கிவிட்டான்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா மாப்ளே?" என்றேன்.

"கேட்டா நீக என்ன சொல்லப்போறீக? சும்மா தலைய ஆட்டுவீக. இனிமே ஜூஸ் கடையில கல்லாவுல உக்காருங்க. நான் பேசி வச்சிருக்கேன். நெழல்ல வேல, பேன் காத்து."

நான் தலையை ஆட்டவில்லை. ஆனால் ஒன்றும் சொல்லவும் இல்லை.

அதே வாரம் பெட்டி வைப்பதற்கு நாள் கேட்க மதுரைக்குப் போனோம். அங்கே மறுபடியும் எக்கோ எடுத்தார்கள். முப்பத்தொன்பது.

பாண்டிக்கு அது பிடிக்கவில்லை. அட்வான்ஸ் வாங்கியாயிற்றே. டாக்டர் இரண்டு தாளையும் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அப்போது செல்விதான் பேசினாள்.

"அய்யா, நெஞ்சு ஒண்ணுதான? ஒரே வாரத்துல அங்குட்டு முப்பத்து நாலு, இங்குட்டு முப்பத்தொன்பது. எதைய நம்புறது?"

"எக்கோவுல நாலஞ்சு முன்னப்பின்ன வரத்தான்மா செய்யும்," என்றார் அவர், கத்தரிக்காய்க்கு விலை சொல்வது போல. "படத்துல அறையோட ஓரத்தைப் பார்த்து நாமதான் கோடு போடுறோம். சில பேரு பார்வையாலேயே மதிப்புப் போடுவாங்க. படம் மங்கலா இருந்தா இன்னும் வித்தியாசம் வரும்."

நாலைந்து முன்னப்பின்ன! என் தொழில் ஒரே ஒரு எண்ணில் தொங்குகிறது. அந்த எண்ணை இத்தனை மாதமும் தராசில் நிறுத்தது போலச் சொன்னார்கள். முன்னப்பின்ன என்று யாரும் சொல்லவில்லை. முப்பத்து நான்கு என்பது முப்பதாகவும் இருக்கலாம், முப்பத்தெட்டாகவும் இருக்கலாம் என்று முதலிலேயே சொல்லியிருந்தால், என் பட்டறைக் கதவு மூடியே கிடந்தாலும் அதற்குப் பாண்டி அட்வான்ஸ் வாங்கியிருக்க மாட்டான்.

இன்னும் தெளிவாகப் பார்க்க எம்.ஆர்.ஐ. எடுக்கலாம் என்றார் டாக்டர். அது பெரிய காந்தக் குழாய். அதற்குள் படுக்க வைத்து இதயத்தை அடுக்கடுக்காகப் படம் எடுப்பார்கள். நெஞ்சு அகலமோ நுரையீரலோ அதற்குத் தடை இல்லை. அறையின் அளவைச் சரியாகச் சொல்வதில் இப்போதைக்கு அதைத்தான் முதலில் வைக்கிறார்கள் என்றும் சொன்னார். அதற்கு ஆகும் செலவைக் கேட்டு செல்வி மூக்குத்தியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அந்தக் கோபத்தை எழுத இன்னொரு கட்டுரை வேண்டும்.

எம்.ஆர்.ஐ. அறைக்கு வெளியே சட்டையைக் கழற்றச் சொல்லி, முதுகுப்பக்கம் நாடா கட்டும் பச்சைச் சட்டை ஒன்றைக் கொடுத்தார்கள். அரைஞாண் கயிற்றில் இருந்த தாயத்தைக்கூட அவிழ்க்கச் சொன்னார்கள். அந்தக் கோலத்தில் நான் கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தேன். படம் எடுக்கும் பெண் வந்து கேள்விகள் கேட்டார். கேள்வி என்னைப் பார்த்து. பதில் பாண்டி.

"ஸ்டென்ட் வச்சது எப்போ?" சொன்னான். "வேற ஆபரேஷன்?" இல்லை என்றான்.

"என்ன தொழில் பண்றாரு?"

"கிரில் ஒர்க்ஸ் ஓனருங்க," என்றான் பாண்டி. "காரைக்குடியில சொந்தமா வச்சிருக்காரு. ஆளுக செய்வாக, அத்தான் சேர்ல உக்காந்து பாத்துக்கிருவாரு."

"இரும்பு அறுக்குறது, கிரைண்டிங், வெல்டிங் அதெல்லாம் இவரு கையால செய்ய மாட்டாரா? கண்ணுல தூள் எதுவும்?"

"ச்சேச்சே. அதெல்லாம் கெடையாதும்மா."

அந்தப் பெண் எழுதிக்கொண்டார். "வாங்கய்யா" என்று கதவைத் திறந்தார். உள்ளே அந்தக் குழாய் தெரிந்தது. கதவின் மேல் எச்சரிக்கைப் பலகை இருந்தது. நான் எழுந்தேன்.

என் பட்டறையில் ஆள் கிடையாது. நான்தான் ஆள். கிரைண்டர் பொறி கண்ணில் தெறிப்பது எங்கள் தொழிலில் வாரத்துக்கு ஒருமுறை நடப்பது. கண்ணாடி போட்டாலும் பக்கவாட்டில் வந்து விழும். வேட்டி நுனியைத் திரித்து ஒற்றி எடுப்போம், எரிச்சலுக்கு உருளைக்கிழங்கை நறுக்கி வைத்துக் கட்டிக்கொண்டு படுப்போம். மறுநாள் வேலைக்குப் போய்விடுவோம். வந்த தூள் எல்லாம் வெளியே போயிற்றா என்று யார் பார்த்தார்கள்?

வாசற்படியில் நின்றேன். கால் எடுத்து வைக்கச் சொல்லி பாண்டி முதுகில் லேசாகத் தள்ளினான்.

"நான் வெல்டர்," என்றேன்.

குரல் சரியாக வரவில்லை. "என்னய்யா?" என்றார் அந்தப் பெண்.

"நான் வெல்டர்மா. ஓனரெல்லாம் இல்ல. எங்கையாலதான் எல்லாம். கண்ணுல தூள் எத்தனையோ தடவ விழுந்திருக்கு."

அவர் உடனே கதவை மூடினார். முகம் மாறிவிட்டது. என்னைக் கையைப் பிடித்துத் தள்ளி உட்கார வைத்துவிட்டு, கண்ணுக்கு எக்ஸ்ரே எடுக்க அனுப்பினார். எக்ஸ்ரேயில் இடது கண்ணோரம் ஒரு வெள்ளைப் புள்ளி. மணலைவிடச் சின்னது. இரும்பு.

"அந்தக் காந்தத்துக்குள்ள போனா இது நகரும்," என்றார் அந்தப் பெண். இந்தத் தடவை என்னிடமே சொன்னார். "கண்ணைக் கிழிச்சிடும். பார்வை போனாலும் போயிருக்கும். உங்களுக்கு எம்.ஆர்.ஐ. வேண்டாம்யா."

பாண்டிக்கு முகத்தில் ரத்தம் இல்லை. "ஓனர்னு சொன்னா கொஞ்சம் மரியாதையா நடத்துவாகன்னுதான் அத்தான்..." என்றான்.

என் வாழ்க்கையில் நான் பொது இடத்தில் சத்தம் போட்டதில்லை. பஸ்ஸில் மீதிச் சில்லறை கேட்கவே யோசிப்பேன். அன்றைக்கு அந்த ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"கண்ணு போயிருந்தா உன் மரியாதைய எதை வச்சுடா பாப்பேன்? வெல்டர்னு சொல்ல உனக்கு வாய் கூசுதா? அந்த வெல்டிங்லதான்டா உங்கக்கா சோறு திங்குறா! எந்தொழில நீ சொல்ற, எம்பட்டறைய நீ விக்கிற, எம்மார்க்க நீ ஊருக்குச் சொல்ற. நெஞ்சு மட்டும் என்னோடதா?"

பச்சைச் சட்டை முதுகில் திறந்து கிடந்தது என்று பிறகு செல்வி சொன்னாள். எனக்கு அப்போது தெரியவில்லை. அவள் வந்து நாடாவைக் கட்டிவிட்டாள். "கத்துனது போதும், நெஞ்சு வலிக்கும்" என்று மட்டும் சொன்னாள். பாண்டி பக்கம் திரும்பாமலே என்னைக் கைப்பிடித்துப் பெஞ்சில் உட்கார வைத்தாள். அது அவனுக்கு நான் கத்தியதைவிட உறைத்திருக்கும்.

மூன்றாவதாக ஒரு வழி இருந்தது. நியூக்ளியர் ஸ்கேன். கையில் ஊசி போட்டு, மிகக் கொஞ்சம் கதிர்வீச்சு உள்ள மருந்தை ரத்தத்தில் கலக்கிறார்கள். ரத்தம் போகுமிடமெல்லாம் அதுவும் போகும். நெஞ்சின் மேல் ஒரு பெரிய கேமரா நின்று, இதயம் நிறையும்போது அறையிலிருந்து எவ்வளவு கதிர் வருகிறது, அமுங்கும்போது எவ்வளவு வருகிறது என்று எண்ணும். ஓரத்தைப் பார்த்து யாரும் கோடு இழுத்து மதிப்புப் போடுவது அதில் குறைவு. திரும்பத் திரும்ப எடுத்தாலும் எண் அதிகம் மாறாதாம். குறை என்னவென்றால், அந்தக் கதிர்வீச்சு உடம்பில் கொஞ்சம் படும். இதய வால்வு, சுவரெல்லாம் எக்கோவில் தெரிகிற மாதிரி இதில் தெரியாது. அசையாமல் படுத்திருந்தேன். வலி இல்லை. கோபம் மட்டும் நெஞ்சுக்குள் இருந்தது, அதையும் சேர்த்து எண்ணிவிடுமோ என்று நினைத்தேன்.

டாக்டர் அறையில் அவர் வழக்கம்போல் பாண்டியைப் பார்த்து வாயைத் திறந்தார்.

"அய்யா, எங்கிட்டச் சொல்லுங்க," என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். அவர் கண் என் கண்ணைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"நாற்பத்தொண்ணு," என்றார். "இப்போதைக்குப் பெட்டி வேண்டாம். மாத்திரையை நிறுத்தக் கூடாது."

"முப்பத்து நாலுன்னு போட்டவரு பொய்யா போட்டாரு?"

"பொய் இல்ல. அவருக்குத் தெரிஞ்ச படத்துல அப்படித் தெரிஞ்சுது. ஒவ்வொரு மெஷினும் ஒவ்வொரு விதமா அளக்கும். அதனால எக்கோவை எக்கோவோடதான் ஒப்பிடணும், ஸ்கேனை ஸ்கேனோடதான். அடுத்த தடவையும் இதே இடத்துல இதே ஸ்கேன் எடுங்க. அப்பத்தான் ஏறுதா இறங்குதான்னு தெரியும்."

"வெல்டிங்?"

"கொஞ்சங்கொஞ்சமா ஆரம்பிங்க. பாரம் தூக்காதீங்க. மூச்சு வாங்குனா நிறுத்திடுங்க."

இவ்வளவுதான். இந்த நாலு வரியை முதல் நாளே என்னைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம்.

படிக்கிறவர்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பெட்டி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது எத்தனையோ பேரைச் சாவிலிருந்து இழுத்து வந்திருக்கிறது. எனக்கு ஸ்கேனிலும் முப்பது என்று வந்திருந்தால் வைத்திருப்பேன், ஜூஸும் போட்டிருப்பேன். நான் சொல்வது வேறு. உங்களுக்கு ஒரு எண் சொன்னால், எதில் எடுத்தது, எவ்வளவு முன்னப்பின்ன இருக்கும், முழு மார்க் எவ்வளவு என்று கேளுங்கள். கேட்க வாய் வராவிட்டால் பெண்டாட்டியைக் கேட்கச் சொல்லுங்கள். ஆனால் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டால் மட்டும், அதை நீங்களே சொல்லுங்கள்.

கண் டாக்டர் அந்த இரும்புப் புள்ளியைப் பார்த்தார். கண்ணுருண்டைக்கு வெளியே, இமைச் சதையில் புதைந்திருக்கிறது, இப்போதைக்குத் தொந்தரவு இல்லை என்றார். அது அங்கேயே இருக்கிறது.

ஜூஸ் கடைக்காரரிடம் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்கப் பாண்டி தனியாகத்தான் போனான். அங்கே என்ன வாங்கிக் கட்டிக்கொண்டான் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. போன வாரம் பட்டறை ஷட்டரைத் தூக்கினோம். தூக்கியது அவன். நான் பாரம் தூக்கக் கூடாதே. முதலில் ஒரு ஜன்னல் கம்பியை எடுத்து வைத்தேன். எதிர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்ன பாண்டி, ஒங்கத்தானுக்கு இப்ப எம்புட்டு?"

பாண்டி வாயைத் திறந்தான். என்னைப் பார்த்தான். மூடிக்கொண்டான்.

"நீகளே கேளுங்க," என்றான் அவரிடம்.

நான் வெல்டிங் கண்ணாடியை முகத்துக்கு இறக்கினேன். பாண்டி ஒரு பழைய செங்கல் மேல் ஏறி, வேலை எப்படிப் போகிறது என்று என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"தள்ளி நில்லு மாப்ளே," என்றேன். "கண்ணுல பொறி விழுந்தா அப்புறம் ஸ்கேன் ரூம்ல ஒன்னையும் ஓனருன்னுதான் சொல்லணும்."